கேட்டுவிட்டு ஒப்புக்கொடுங்கள்: துன்பத்தில் தேவ சித்தத்துக்கு அடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை பெரியாஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே பாய் விரித்துக் காத்திருப்பவர்களைப் பார்க்க வரும் சபைக்காரர்கள் பலர் வந்ததும் சொல்வது இதுதான்: "ஆண்டவர் சித்தம்போல ஆகட்டும்னு ஒப்புக்கொடுத்துருங்கம்மா." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். உள்ளே பிள்ளை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாயின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: இனிமேல் கேட்காதே, அழாதே, ஆசைப்படாதே. நோயாளிகளைச் சந்திக்கும் சபைக் குழுவோடு பல வருடமாகப் போய் வருகிறேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு ஜெபத்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்புக்கொடுப்பதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று கர்த்தருடைய ஜெபத்தில் தினமும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்ததை மாற்கு 14:36-ல் நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். "அப்பா பிதாவே" என்று கூப்பிடுகிறார். "எல்லாம் உம்மாலே கூடும்" என்கிறார். "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று பச்சையாகக் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" வருகிறது. நம்மில் பலர், அல்லது நம்மை ஆறுதல்படுத்த வருகிறவர்கள், முதல் மூன்றையும் தாண்டி நேரே கடைசிக்குப் போய்விடுகிறோம். கேட்காமலே ஒப்புக்கொடுத்தது பெரும்பாலும் உள்ளே கசப்பாகத் தங்கிவிடுகிறது.

கீழே வரும் படிகள் அந்த வரிசையை ஒட்டியவை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று யாரும் தங்கள் வழக்கத்துக்குள் இருந்தே செய்யலாம். வேத வசனங்களை நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: எதை ஒப்புக்கொடுக்கிறோம்?

துன்பம் வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, யார் செய்த பாவம் என்பது. அதை அங்கேயே நிறுத்துங்கள். பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைச் சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13). காரணம் தெரியாமலே ஒருவர் ஒப்புக்கொடுக்க முடியும். யோபு புத்தகம் முழுக்க வாசித்தாலும் யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். மனிதர் செய்யும் அநியாயத்தைத் தேவ சித்தம் என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொள்ளச் சொல்வது சுவிசேஷம் அல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் "பொறுத்துப் போம்மா, ஆண்டவர் உன் சிலுவையாக் கொடுத்திருக்கார்" என்று அனுப்பி வைப்பதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நாம் நம்மை ஒப்புக்கொடுப்பது பிதாவின் கையில். அடிக்கிறவன் கையிலோ கந்துவட்டிக்காரன் கையிலோ அல்ல.

ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் துன்பத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்த அரைமணி நேரம் வீண் போகாது.

முதல் பகுதியில், மற்றவர்கள் செய்யும் தவறு: அடி, மிரட்டல், ஏமாற்று, கொடுக்காத கூலி. இதற்குப் பாதுகாப்பும் சட்டமும் தேவை. பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, இலவச சட்ட உதவிக்கு 15100.

இரண்டாவது பகுதியில், முயற்சி செய்தால் மாறக்கூடியது: வைத்தியம், கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கு, பேசித் தீர்க்க வேண்டிய மனஸ்தாபம்.

மூன்றாவது பகுதியில், யார் கையிலும் இல்லாதது. மருந்து கேட்குமா, ஸ்கேன் என்ன சொல்லும், போனவர் திரும்பி வருவாரா, இத்தனை வயதுக்குப் பிறகு பிள்ளை பிறக்குமா.

மூன்றாவதை முழுதாக ஒப்புக்கொடுக்கிறோம். முதல் இரண்டில் நம் வேலையைச் செய்துவிட்டு, பலனை ஒப்புக்கொடுக்கிறோம். இந்தப் பிரிவினை இல்லாமல் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று வைத்துவிட்டால், செய்ய வேண்டியதைச் செய்யாமலும் விட வேண்டியதை விடாமலும் நாட்கள் போகும்.

படி 1: சாப்பிடுங்கள், படுங்கள்

எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் (1 இராஜாக்கள் 19). மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நோயாளியோடு இரவு முழுக்க விழித்திருப்பவர்கள் மறுநாளும் உபவாசம் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம். உங்களுக்காக உபவாசம் இருக்கச் சபையில் நான்கு பேர் இருப்பார்கள், அவர்களிடம் விடுங்கள். நீங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசருங்கள்.

படி 2: புலம்புங்கள்

நம் பக்கம் சாவு வீட்டில் நெஞ்சை உருக்க ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்கள்கூட, ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராமல் நின்றுவிடுகிறார்கள். ஆண்டவரிடம் குறை சொன்னால் அவிசுவாசம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சங்கீத புத்தகத்தில் உள்ள 150-ல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதல். சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" மாம்சத்தில் இருந்த நாட்களில் அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணினார் என்று எபிரெயர் 5:7 சொல்கிறது. சத்தம் போட்டு அழுததை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எப்படிச் செய்வது? 13-ஆம் சங்கீதத்தையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டில் புகார், நடு இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. முதல் இரண்டு வசனங்களின் இடத்தில் உங்கள் சொந்தக் காரியத்தை, பெயர் சொல்லி, தொகை சொல்லி, நோயின் பெயர் சொல்லி எழுதுங்கள். "எதுவரைக்கும் ஆண்டவரே இந்த டயாலிசிஸ்? எதுவரைக்கும் வாரத்துக்கு வாரம் இந்த பஸ்ஸில் ஏறி இறங்குவது?" எழுத வராதவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம். கடைசி இரண்டு வசனங்கள் இன்றைக்கு உங்கள் வாயில் வரவில்லையா, எழுதாமல் விடுங்கள். தாவீதுக்கும் அது ஒரே மூச்சில் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் முன்னால் அழ முடியாது, ஆஸ்பத்திரியிலும் முடியாது என்பவர்கள் கோயிலுக்குப் போங்கள். கீழவெளி வீதியில் இருக்கும் புனித மரியன்னை பேராலயம் வியாகுல அன்னையின் பெயரால் அமைந்தது. ஆராதனை இல்லாத ஒரு நேரத்தில் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று வாலிப வயதில் ஒப்புக்கொடுத்தவள் மரியாள். அதே மரியாளிடம்தான் சிமியோன், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்றான். ஒப்புக்கொடுத்தவளுக்குப் பட்டயம் வராமல் போகவில்லை, வந்தபோது சிலுவையின் அருகே அவள் நின்றாள். நின்றாள், அழுதாள், இரண்டும்தான்.

படி 3: வேண்டியதைக் கேளுங்கள்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து கணவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்த அக்கா ஒருவரிடம், எதற்காக ஜெபிக்கட்டும் என்று கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு அவரு பிழைக்கணும்னுதாங்க இருக்கு. ஆனா அப்படிக் கேட்டா ஆண்டவருக்குக் கோபம் வருமோன்னு பயமா இருக்கு." எங்கள் குழுவில் இருந்த வயதான அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதையே சொல்லுங்க தாயி. பிழைக்கணுங்கறதையும் சொல்லுங்க, பயமா இருக்குங்கறதையும் சொல்லுங்க" என்றார். இந்தப் படிக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கேட்பதில் இரண்டு பக்கம் விழும் ஆபத்து இருக்கிறது. ஒன்று, அந்த அக்காவைப் போலக் கேட்கவே பயப்படுவது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12). ஒரு தரம் கேட்டுவிட்டு, சித்தமில்லை போலிருக்கிறது என்று அவர் எழுந்து போகவில்லை.

மற்றது, கட்டளையிடுவது. "சித்தமானால் என்று சேர்த்து ஜெபிக்காதே, அது அவிசுவாசம், சுகமாயிற்று என்று அறிக்கையிடு" என்று சில மேடைகளில் போதிக்கிறார்கள். இதை ஏற்க என்னால் முடியாது. "பிதாவே, உமக்குச் சித்தமானால்" என்று லூக்கா 22:42-ல் ஜெபித்தவர் இயேசு. அவருடைய விசுவாசத்தில் குறை கண்டுபிடிக்கும் போதனை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். இந்தப் போதனையின் கொடுமை, சுகம் வராதபோது தெரியும். நோயாளி தன் வியாதியோடு சேர்த்து, "என் விசுவாசம் போதாது" என்ற பாரத்தையும் சுமந்து சாகிறார். சுகத்துக்காகக் காணிக்கைத் தொகை குறிப்பிட்டுக் கேட்கும் எவரிடமும், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், போகாதீர்கள்.

சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்வது யாக்கோபு 5:14-ல் இருக்கிறது. கத்தோலிக்கரிடம் நோயில்பூசுதல் திருவருட்சாதனமாகவே அது இருக்கிறது. சாகும் நேரத்துக்கு என்று ஒத்திப்போடாமல், பெரிய ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

படி 4: கையில் உள்ளதைச் செய்யுங்கள்

எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்டு, ஆயுசில் 15 வருஷம் கூட்டப்பட்டது. அப்படியும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தம் ஒரு பக்கம், மருந்துப் பத்து ஒரு பக்கம். இரண்டும் ஒரே தேவனிடமிருந்து.

ஆகையால் ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று இன்சுலினை நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனநல மாத்திரையைக் கண்டிப்பாக நிறுத்தாதீர்கள். செலவு முடியவில்லை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். இதற்காக வரிசையில் நிற்பதும் ஜெபத்தின் தொடர்ச்சிதான்.

நியாயம் கேட்பதும் ஒப்புக்கொடுத்தலுக்கு எதிரானது அல்ல. பிலிப்பியில் விசாரியாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று பவுல் சிறையிலிருந்து நகர மறுத்தார். பின்னாளில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார்.

நம் மதுரையிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். சந்நியாசி கோலத்தில், இந்த ஊர் உணவும் மொழியும் பழகி, நற்செய்தி சொன்னார். அந்த முறைக்கு வெளியாட்களைவிடச் சொந்தச் சபைக்குள்ளேயே கடும் எதிர்ப்பு வந்தது. புகார்கள் ரோம் வரை போயின. தன் முறை சரி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் சபையை உதறிவிட்டுப் போகவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. தன் பக்கத்து நியாயங்களை விரிவாக லத்தீனில் எழுதி எழுதி அனுப்பினார். காத்திருந்தார். 1623-ல் போப் 15-ஆம் கிரகோரி அவருடைய முறைக்கு அனுமதி கொடுத்தார். கீழ்ப்படிதலும் வழக்காடுதலும் ஒரே மனிதரிடம் பல வருடம் சேர்ந்திருந்தன. ஒப்புக்கொடுத்தவர் என்றால் மௌனமாக இருப்பவர் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

படி 5: ஒப்புக்கொடுக்கும் ஜெபம்

இப்போது அந்த மூன்றாவது பகுதிக்கு வாருங்கள். யார் கையிலும் இல்லாதது.

தனியாகப் பத்து நிமிடம் கிடைக்கும் இடம் போதும். ஆஸ்பத்திரி மாடிப்படியானாலும் சரி. உள்ளங்கை இரண்டையும் திறந்து மடியில் வையுங்கள். மனம் அலையும்போது உடம்பு அதை இழுத்துப் பிடித்து நிறுத்தும். தாளில் எழுதிய காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்ற பொதுவான ஜெபம் சுலபம், ஆனால் எதையும் கையை விட்டு விடாமலே அதைச் சொல்லிவிடலாம். "திங்கட்கிழமை வரப்போகும் பயாப்சி முடிவை உம்முடைய கையில் வைக்கிறேன்" என்று சொல்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமானதைச் சொல்லுங்கள்.

வார்த்தை வராதவர்களுக்காக ஒரு மாதிரி:

"அப்பா பிதாவே, உம்மால் எல்லாம் கூடும். என் மகளுக்குச் சுகம் தாரும். இதைத்தான் நான் கேட்கிறேன், வேறு எதையும் கேட்கத் தெரியவில்லை. என்னால் செய்ய முடிந்ததைச் செய்கிறேன். என்னால் முடியாததை என் கையிலேயே வைத்துக்கொண்டு நடுங்குகிறேன். இன்றைக்கு, இந்த ஒரு நாளைக்கு, அதை உம்முடைய கையில் வைக்கிறேன். நீர் நல்லவர் என்று நம்ப எனக்கு உதவி செய்யும். நான் கேட்டபடி நடந்தாலும் நடக்காவிட்டாலும் என்னை விட்டுப் போகாதேயும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

"இந்த ஒரு நாளைக்கு" என்பதை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆயுள் முழுக்க வரப்போவதை ஒரே ஜெபத்தில் ஒப்புக்கொடுக்க முயன்று தோற்றுப்போகிறவர்கள், அன்றைய சாயங்காலம் வரை உள்ளதை ஒப்புக்கொடுத்துப் பார்க்கலாம்.

"எனக்கு விட மனசே இல்லை, பொய்யாக எப்படிச் சொல்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. நொபிலியும், பின்னால் ஓரியூரில் இரத்தசாட்சியான அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) சேர்ந்திருந்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், சபையில் சேர வருகிறவர்களிடம் கிறிஸ்துவுக்காக அவமானத்தைத் தாங்க ஆசை உண்டா என்று கேட்கச் சொன்னார். இல்லை என்று ஒருவர் சொன்னால், அப்படி ஓர் ஆசை வர வேண்டும் என்ற ஆசையாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றார். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். "விட எனக்கு மனசில்லை ஆண்டவரே. மனசு வர வேண்டும் என்று விரும்புகிறேன்." இது முழு ஜெபம். இதில் குறையொன்றும் இல்லை.

படி 6: திரும்பத் திரும்ப

காலையில் ஒப்புக்கொடுத்தது ராத்திரி 3 மணிக்குத் திரும்பி வந்து நெஞ்சில் உட்காரும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-ல் இருக்கிறது. புது வார்த்தைகூடத் தேடவில்லை.

அந்த நேரத்துக்கு நீண்ட ஜெபம் வேண்டாம். ஒரே ஒரு வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள். "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது சிலுவையில் இயேசு சொன்னது, 31-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. திருச்சபையின் இரவு மன்றாட்டிலும் பல நூற்றாண்டுகளாக இது உண்டு. மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறு பாதி. தூக்கம் வந்தால் வரட்டும், ஜெபம் பாதியில் நின்றதே என்று குற்றப்பட வேண்டாம்.

படி 7: கூட விழித்திருக்க ஆட்களைத் தேடுங்கள்

"என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று இயேசு மூன்று பேரைக் கேட்டார். தேவகுமாரனுக்கே ஆள் தேவைப்பட்டது. அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பதும் எழுதியிருக்கிறது. நீங்கள் நம்பிக் கூப்பிட்டவர்களும் தூங்கலாம். அதனால் ஒருவரையே நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். ரகசியம் காப்பவர்களாக இருக்கட்டும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வாட்ஸ்அப் குரூப் முழுக்க உங்கள் ரிப்போர்ட்டைச் சுற்றவிடுகிறவர்கள் வேண்டாம்.

உடன் போகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார், கத்திப் புலம்பிய யோபுவின்மேல் அல்ல (யோபு 42:7). ஆகவே "எல்லாம் நன்மைக்கே", "ஆண்டவருக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்", "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாருங்க" இவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28-ஐ ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் புண்ணின்மேல் ஒட்டுவதற்கு அது தரப்படவில்லை. "ஒப்புக்கொடுத்துருங்க" என்ற வார்த்தையையும் நீங்களாகச் சொல்லாதீர்கள். துன்பப்படுகிறவர் தானே அங்கு வந்து சேரட்டும். ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக் கவுன்ட்டரில் நில்லுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள்.

படி 8: கேட்டது கிடைக்காதபோது

இங்கேதான் பலருக்கு விசுவாசம் உடைகிறது. அவசரமில்லாமல் பார்ப்போம்.

தாவீதின் பிள்ளை வியாதியாகக் கிடந்தபோது அவன் ஏழு நாள் தரையில் விழுந்து உபவாசித்து அழுதான். பிள்ளை செத்தது தெரிந்ததும் எழுந்து, குளித்து, வஸ்திரம் மாற்றி, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ஊழியக்காரருக்குப் புரியவில்லை. உயிரோடிருக்கும்போது, கர்த்தர் எனக்கு இரங்குவாரோ என்று அழுதேன், இப்போது நான் அதனிடத்துக்குப் போவேனே அல்லாமல் அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறதில்லை என்றான் (2 சாமுவேல் 12). முழு பலத்தோடு கேட்டிருந்ததால்தான் அவனால் எழுந்திருக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் இதை வைத்து, துக்கத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரையும் நெருக்கக்கூடாது. இதே தாவீது அப்சலோம் செத்தபோது, "என் மகனே, என் மகனே" என்று வாசல் மாடியில் ஏறி அழுது அடங்கவில்லை. ஒரே தகப்பன், இரண்டு விதத் துக்கம்.

பவுலுக்கு முள் எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் கிடைத்தது. பாபிலோனில் அக்கினிச்சூளையைக் காட்டி மிரட்டப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, தங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன அதே வாயால், விடுவிக்காமற்போனாலும் சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அருளானந்தர் விடுவிக்கப்படவில்லை. லிஸ்பனில் பிறந்து, மறவர் சீமையில் ஊழியம் செய்து, 1686-ல் பிடிபட்டுச் சித்திரவதைக்குத் தப்பிப் போர்ச்சுகலுக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட வாய்ப்பிருந்தும் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அதற்கு முன் சிறையிலிருந்து சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மதுரையிலிருந்து ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். சுகம் கேட்டுப் போவதில் தப்பில்லை. ஆனால் அது, விடுவிக்கப்படாத ஒருவர் ஆண்டவரைவிட்டு நகராமல் நின்ற மண் என்பதையும் நினைத்துப் போங்கள்.

கிடைக்காத பதிலுக்குப் பிறகு செய்ய வேண்டியது, மறுபடியும் படி 2. கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள். சில வாரம் ஆராதனையில் பாட்டுப் பாட வாய் வராது. சபையார் பாடட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போங்கள். உங்களுக்குப் பதிலாகச் சபை விசுவாசிக்கும் நாட்கள் அவை.

டாக்டரைப் பார்க்க வேண்டிய அடையாளங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, குற்ற உணர்வு விடவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால், அது ஜெபக் குறைவு அல்ல, வைத்தியம் தேவைப்படும் நோய். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-க்கும் அழைக்கலாம். "என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று உங்கள் வீட்டில் யாராவது திரும்பத் திரும்பச் சொன்னால் அதைப் பக்தி என்று கடந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ அருகில் உள்ள மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள்.

வருடக்கணக்காக நீளும் துன்பத்துக்கு

பக்கவாதத்தில் படுத்த மாமியார், நடக்க முடியாத மகன், மாறாத வறுமை என்று முடிவு தெரியாமல் நீளும் துன்பத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படிகளை அப்படியே தினமும் செய்வது முடியாத காரியம். காலையில் கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் நிறுத்தி, அன்றைக்குரிய ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி வைத்துவிட்டு, மீதி ஜெபத்தை முடியுங்கள். மாதம் ஒரு தரம், முடிந்தால் திருவிருந்து ஞாயிறு அன்று, மூன்று பகுதித் தாளை மறுபடி எழுதிப் பாருங்கள். முன்பு மூன்றாவது பகுதியில் இருந்தது சில சமயம் இரண்டாவதுக்கு நகர்ந்திருக்கும், புது மருந்தோ புது உதவியோ வந்திருக்கும். சில சமயம் இரண்டாவதில் இருந்ததை இனி மூன்றாவதுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். அதை எழுதும் நாளில் தனியாக இருக்காதீர்கள், படி 7-ல் சொன்னவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது வேறொருவர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் ஐயரிடமோ சாமியாரிடமோ பாஸ்டரிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள். கிழமையையும் நேரத்தையும் சொல்லிக் கேட்டால்தான் ஆள் கிடைக்கும்.